உலக நச்சுப்பாம்புகள் சுவர் வரைபடம்: எட்டு மாதம் பார்த்த பிறகு

செவிலியர் மாணவிகளுக்கு நான் பாடம் எடுக்கும் அறையில் ஒரு பக்கச் சுவர் நெடுநாளாகக் காலியாகவே இருந்தது. பதினாறு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஆசிரியையாக வந்தவள் நான். பாம்புக்கடி வகுப்பு என்றால் எனக்குத் தனி அக்கறை உண்டு. ஒவ்வொரு வருடமும் அந்த வகுப்பில் முதல் வரிசையிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "உலகத்திலேயே ரொம்ப விஷமான பாம்பு எது மேடம்?" பதில் சொல்லும்போது கையை நீட்டிக் காட்ட ஒரு படம் இருந்தால் நல்லது என்று நினைத்துத்தான் இந்த வரைபடத்தை வாங்கினேன். எட்டு மாதமாக அதன் முன்னால் நின்று பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மனதுக்கு நிறைவாக இருந்தவையும் உண்டு, ஒரு மூலையைக் காகிதம் ஒட்டி மறைக்கும் அளவுக்குக் கோபம் வந்ததும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். கூடவே 64 பக்கக் கையேடு ஒன்று. சுருட்டிக் குழாயில் வைத்து அனுப்பியிருந்தார்கள். வழியில் எங்கோ குழாய் நசுங்கி, தென் அமெரிக்காவின் நுனியில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. இரண்டு நாள் கனமான புத்தகங்களை ஏற்றி வைத்த பிறகு ஓரளவு நிமிர்ந்தது. தாள் பளபளப்பில்லாத வகை, அதனால் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசுவதில்லை. கடைசி வரிசைக்கும் நிறங்கள் தெளிவாகத் தெரிகின்றன. எழுத்துதான் ரொம்பச் சிறியது. அறிவியல் பெயர்களைப் படிக்கச் சுவரை ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

பிரித்துப் பார்த்ததும் முதலில் மனதைத் தொட்டது ஆப்பிரிக்காவின் அளவு. நாம் பள்ளியில் பார்த்துப் பழகிய பல உலகப் படங்களில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. இந்த வரைபடத்தில் பரப்பளவு குலையாதபடி உலகை விரித்திருக்கிறார்கள். பாம்பே இல்லாத கிரீன்லாந்து மேலே ஒரு சின்ன ஓரத்தில் நிற்க, வெப்பமண்டலம் முழுக்க நடுவில் பரந்து கிடக்கிறது. பாம்புக்கடியால் சாகிறவர்களில் பெரும்பாலானோர் வாழும் நிலம் அதன் உண்மையான அளவில் கண்ணில் படுகிறது. இதை யோசித்துச் செய்தவர் யாரோ, அவருக்கு என் நன்றி.

உலகில் பாம்பினங்கள் ஏறத்தாழ 4,000. அவற்றில் 600 அளவுக்குத்தான் நச்சுள்ளவை என்று கணக்கிடுகிறார்கள், அதிலும் மனிதருக்குப் பெரிய ஆபத்து விளைவிப்பவை இன்னும் குறைவு. வரைபடம் 180 இனங்களை எடுத்துக்கொண்டு மூன்று நிறத்தில் பிரிக்கிறது. விரியன் குடும்பத்துக்குக் காவி, நாகக் குடும்பத்துக்கு நீலம், வாயின் பின்பக்கத்தில் நச்சுப்பல் உள்ளவற்றுக்குப் பச்சை. இந்தப் பிரிவுதான் இந்தப் பொருளின் உயிர். எட்டு மாதத்தில் நான் அதிகம் பயன்படுத்தியதும் இதைத்தான்.

பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஐரோப்பா முழுக்கக் காவி. ஆஸ்திரேலியா முழுக்க நீலம், அங்கே ஒரு விரியன்கூடக் கிடையாது. அமெரிக்கக் கண்டங்கள் இரண்டும் காவியில் மூழ்கியிருக்க, பவளப்பாம்புகளுக்காக மெல்லிய நீலக் கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இரண்டு நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்து கிடக்கின்றன. விரியனே இல்லாத ஆஸ்திரேலியாவில் குட்டையான தடித்த உடலும் முக்கோணத் தலையுமாக ஒரு பாம்பு இருக்கிறது, டெத் ஆடர் என்று பெயர். பார்த்தால் யாரும் விரியன் என்றே சொல்வார்கள். ஆனால் அது நாகக் குடும்பம். இலைச்சருகில் அசையாமல் படுத்து, வால்நுனியைப் புழுபோல ஆட்டி இரையை அருகில் வரவழைக்கும். விரியனின் வேலைக்கு அங்கே ஆள் இல்லாததால், நாகத்தின் உறவுக்காரர் ஒருவர் அந்த உடலையும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டார்.

இந்த நிறங்கள் வார்டில் எதற்கு உதவும் என்று மாணவிகள் கேட்டார்கள். நீலம் என்றால் பெரும்பாலும் நரம்பு: இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, மூச்சு நிற்கும், வென்டிலேட்டர் தயாராக இருக்க வேண்டும். காவி என்றால் பெரும்பாலும் வீக்கமும் ரத்தமும்: சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழில் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பயன் இருக்கிறது. கட்டுவிரியன் என்ற பெயரில் விரியன் இருக்கிறது, ஆனால் அது நாகக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் பெயரால் குழம்பாத மாணவியை நான் பார்த்ததில்லை. தெற்காசியாவில் கட்டுவிரியனின் நீலத்தையும், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டின் காவியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு அந்தக் குழப்பம் போய்விட்டது. இரவில் தூங்கும்போது கடிபட்டு, கடிவாயில் வலியும் வீக்கமும் இல்லாமல், விடிகாலையில் வயிற்றுவலி என்று வருகிறவரை அவர்கள் இனி "வாயுக் கோளாறு" என்று எழுதி அனுப்ப மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதைக் கையேடு நேர்மையாகச் சொல்கிறது. தென் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பு காவிதான், ஆனால் அதன் நஞ்சு நரம்பையும் தாக்கும், தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆஸ்திரேலியாவின் பழுப்புப் பாம்பு நீலம், ஆனால் ரத்தம் உறையும் தன்மையைக் குலைப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆப்பிரிக்காவின் துப்பும் நாகங்கள் கடித்தால் சதை அழுகும். பச்சை நிறத்துக்குக் கையேட்டில் ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அதில் பாம்பு ஆய்வாளர் கார்ல் ஷ்மிட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1957-இல் சிகாகோவில் பூம்ஸ்லாங் என்ற ஆப்பிரிக்க மரப்பாம்பின் குட்டி ஒன்று கடித்தபோது, இந்த அளவு பாம்பின் கடி ஆளைக் கொல்லாது என்று நினைத்துத் தன் அறிகுறிகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டிருந்தார் அந்த அறிஞர். மறுநாள் இறந்துபோனார். அந்தப் பக்கத்தை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

நிறமே பூசாமல் விட்ட இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவையும் பாடம்தான். அயர்லாந்து, ஐஸ்லாந்து, நியூசிலாந்து மூன்றிலும் நிலத்தில் வாழும் பாம்பே இயற்கையாக இல்லை. நியூசிலாந்தின் கரையில் மட்டும் எப்போதாவது ஒரு கடற்பாம்பு ஒதுங்கும். மடகாஸ்கரில் பாம்புகள் நிறைய உண்டு, ஆனால் விரியனும் இல்லை, நாகக் குடும்பமும் இல்லை. மொசாம்பிக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஆப்பிரிக்கா முழுக்க இரண்டு நிறமும் அப்பிக் கிடக்க, அந்தப் பக்கம் அவ்வளவு பெரிய தீவு வெறுமையாக நிற்பதைப் பார்க்க வியப்பாக இருக்கிறது. கரீபியன் தீவுகளில் பெரும்பாலானவை வெள்ளை. நடுவில் மார்டினிக்கிலும் செயின்ட் லூசியாவிலும் மட்டும் ஆளுக்கொரு காவிப் புள்ளி. இரண்டு தீவுக்கும் சொந்தமாகத் தனித்தனி விரியன் இனம் இருக்கிறது. இந்தப் புள்ளிகளை விடாமல் போட்டதற்கு ஒரு சபாஷ்.

வடக்கில் ஐரோப்பிய விரியனின் காவி பிரிட்டனில் தொடங்கி, ஆசியாவைக் குறுக்கே கடந்து சகாலின் தீவு வரை போகிறது. ஸ்காண்டிநேவியாவில் ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டுகிறது. அந்தக் குளிரில் முட்டையை மண்ணில் விட்டுவிட்டுப் போனால் பொரியாது. தாய்ப்பாம்பு குட்டிகளை வயிற்றிலேயே சுமந்து, கிடைத்த வெயிலில் எல்லாம் காய்ந்து, உயிரோடு ஈனுகிறது. கண்ணாடி விரியனுக்கு இதற்கு நேர்மாறான ஒரு புதிர். தெற்காசியாவில் ஒரு திட்டு, மியான்மர், தாய்லாந்து, தென் சீனம், தைவான் பக்கம் கிழக்கத்திய இனத்தின் திட்டுகள். அப்புறம் மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜாவாவிலும் அதற்குக் கிழக்கே ஃப்ளோரஸ் பக்கத்துத் தீவுகளிலும் மறுபடி தலைகாட்டுகிறது. வரைபடத்தில் இந்த இடைவெளியைச் சரியாக விட்டிருக்கிறார்கள். ஆனால் காரணத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

கடலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ள கடற்பாம்புகளை வலது ஓரத்தில் உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் திணித்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய நீலப் பரப்பு காலியாகக் கிடக்கும்போது எதற்கு இந்தச் சிக்கனம்? மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை வரை இரண்டு பெருங்கடல்களில் பரவியது. அதை வரைந்திருந்தால், உலகிலேயே மிகப் பரவலாக வாழும் பாம்புகளில் ஒன்று எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அட்லாண்டிக்கில் ஏன் கடற்பாம்பு குடியேறவில்லை என்ற கேள்வியும் தானாக எழுந்திருக்கும். பனாமா நிலப்பாலம் ஏறத்தாழ 30 லட்சம் வருடங்களுக்கு முன்பு மூடிக்கொண்டது, மறுபுறம் ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் ஓடும் குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டம் தடுக்கிறது. இதை நான் கரும்பலகையில் தனியாக வரைந்து காட்டினேன். ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் மீன் பிடித்துத் தின்று வாழும் நீர் நாகமும், சாலமன் தீவுகளின் ரென்னல் தீவிலுள்ள ஏரிக்குள்ளேயே வாழும் கடற்கட்டுவிரியனும் கையேட்டில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகின்றன.

இப்போது என் பெரிய மனத்தாங்கலுக்கு வருகிறேன். வலது மேல் பக்கம் சிவப்புக் கட்டத்தில் "உலகின் மிக ஆபத்தான 10 பாம்புகள்" என்று ஒரு பட்டியல். முதலிடம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு டைபானுக்கு. சோதனைச் சுண்டெலிகளில் பாதி சாக எவ்வளவு நஞ்சு போதும் என்ற கணக்கில் அது முதலிடம்தான், அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாம்பு எங்கே இருக்கிறது? குயின்ஸ்லாந்தும் தெற்கு ஆஸ்திரேலியாவும் சந்திக்கும் வறண்ட வெடிநிலத்தில், எலி வளைகளுக்குள். 1879-இல் விவரிக்கப்பட்ட பாம்பை 1972-இல் மறுபடி கண்டுபிடிக்கும் வரை ஏறத்தாழ 90 வருடம் அறிவியல் உலகம் தொலைத்துவிட்டிருந்தது. அவ்வளவு ஆளில்லாத இடம். கூச்ச சுபாவம் வேறு. கடிபட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், பெரும்பாலும் பாம்பைக் கையாண்டவர்களே.

சுருட்டை விரியனைப் பாருங்கள். பட்டியலில் அது ஒன்பதாவது. ஒன்றரை, இரண்டு அடி நீளம். செதில்களை உரசி வாணலியில் ஏதோ பொரிவதுபோல் சத்தமிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி, சஹாராவின் விளிம்புகள், அரேபியா, ஈரான் வழியாக இந்தியா, இலங்கை வரை அதன் பல இனங்கள் வாழ்கின்றன. விவசாயிகள் வெறுங்காலோடு நடக்கும் நிலமும் அதுவேதான். ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் சாகிறவர்கள் வருடத்துக்குச் சராசரியாக இரண்டு பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையான இருபது வருடங்களில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. உலகம் முழுக்க வருடத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர் சாகிறார்கள், அதைப்போல மூன்று மடங்குப் பேர் கையையோ காலையோ இழந்தும் நிரந்தர ஊனத்தோடும் மிஞ்சுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுண்டெலிக் கணக்கைச் சிவப்புக் கட்டத்தில் போட்டுவிட்டு இந்த எண்களைக் கையேட்டின் 51-ஆம் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆபத்தைத் தீர்மானிப்பதில் நஞ்சின் வீரியம் ஒரு பங்குதான். பாம்பும் மனிதனும் ஒரே வரப்பில் நடக்கிறார்களா, ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரத் தூரம், அங்கே அந்தப் பாம்புக்கான மருந்து இருக்கிறதா என்பவை மற்ற பங்கு.

இந்த மருந்து விஷயத்தைக் கையேடு அருமையாகச் சொல்லியிருக்கிறது. இந்த ஆறு பக்கங்களுக்காகவே நான் இதை வாங்கச் சொல்வேன். 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் நாகத்தின் நஞ்சை வைத்து முதல் விஷமுறிவு மருந்தைத் தயாரித்தார். எல்லாப் பாம்புக்கும் அதுவே போதும் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. பிரேசிலில் விட்டல் பிராசில் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்து, தன் நாட்டு விரியன்களிடம் அது பலிக்கவில்லை என்று காட்டினார். ஈட்டித்தலை விரியனுக்கு ஒன்று, கிலுகிலுப்பைப் பாம்புக்கு ஒன்று என்று தனித்தனி மருந்து செய்தார். 1901-இல் சாவோ பாலோவில் தொடங்கிய புட்டன்டான் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் அவர்தான். அன்று முதல் இன்று வரை விதி மாறவில்லை: எந்தப் பாம்பின் நஞ்சைக் கொடுத்துக் குதிரையிடமிருந்து மருந்து எடுத்தோமோ, அந்தப் பாம்புக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும்தான் அந்த ஊசி வேலை செய்யும்.

கானாவின் கதை அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. 2004-இல் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வழக்கமான மருந்துக்குப் பதிலாக வேறு நாட்டில் தயாரான ஏஎஸ்வி (பாம்பு விஷமுறிவு மருந்து) வந்தது. மேற்கு ஆப்பிரிக்கச் சுருட்டை விரியனிடம் அது சரியாக வேலை செய்யவில்லை. நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இருந்த இறப்பு பன்னிரண்டாக ஏறியது. குப்பியின் மேல் "பாம்புக்கடி மருந்து" என்றுதான் எழுதியிருக்கும், எந்த நிலத்துப் பாம்பு என்று யாரும் கேட்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். ஒரே இனத்துக்குள்ளேயே நஞ்சு மாறுவதையும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மோஹாவி கிலுகிலுப்பைப் பாம்பில் சில இடத்துப் பாம்புகளுக்குக் கடுமையான நரம்பு நஞ்சு உண்டு. அரிசோனாவின் ஒரு பகுதியில் உள்ளவற்றுக்கு அது இல்லவே இல்லை. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் தோட்ட வேலை செய்யும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கால் வீங்கியிருந்தது, இருபது நிமிட சோதனையில் ரத்தம் உறையவில்லை. ஏஎஸ்வி ஏற்றினோம். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதனை, குழாயைச் சாய்த்தால் தண்ணீராக ஓடியது. இரண்டாவது முறை ஏற்றியும் அதே கதை. அப்போதுதான் அவர் தம்பி செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினார். மூக்குநுனி மேல்நோக்கித் திரும்பிய சின்னக் குழிவிரியன். நாங்கள் ஏற்றிக்கொண்டிருந்த மருந்து நான்கு பாம்புகளுக்கானது, அதில் இந்தக் குழிவிரியன் இல்லை. டயாலிசிஸ் செய்து, ரத்தம் ஏற்றி, மூன்று வாரத்தில் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அந்த இரவிலிருந்து பாம்புகளின் வரைபடம் என்றால் எனக்கு மருந்துகளின் வரைபடமும்தான். அதனால் மறுபதிப்பில் ஒவ்வொரு நிலப்பகுதியிலும் எந்தெந்தப் பாம்புக்கு மருந்து கிடைக்கிறது, எதற்கு இல்லை என்று ஒரு குறி போட்டால் போதும், அந்தச் சிவப்புக் கட்டத்தை எடுத்துவிடலாம்.

இடது கீழ் மூலைதான் நான் காகிதம் ஒட்டிய மூலை. "கடித்தால் என்ன செய்வது" என்ற தலைப்பில் நான்கு படங்கள். ஒன்றில் காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள், இன்னொன்றில் கடிவாயைக் கத்தியால் கீறுகிறார்கள். இது எப்படி அச்சேறியது என்று எனக்குப் புரியவில்லை. இறுக்கிக் கட்டியதால் கறுத்துப்போன கால்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையாத உடம்பில் கீறினால் அந்தக் கீறலே நிற்காமல் கசியும். வாயால் உறிஞ்சுவதாலும் பயனில்லை. கடிபட்டவரை அசையாமல் வைப்பது, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுவது, கையையோ காலையோ மட்டை வைத்து ஆடாமல் தாங்குவது, நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது, இவ்வளவுதான். பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவர வேண்டாம், தள்ளி நின்று எடுத்த ஒரு படம் கிடைத்தால் போதும்.

முதலுதவியிலும் இடம் முக்கியம். காலை அடியிலிருந்து தொடை வரை நீள்துணியால் அழுத்திச் சுற்றி மட்டை கட்டும் முறையை 1970-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ருவான் சதர்லேண்ட் உருவாக்கினார். கடிபட்ட இடம் அதிகம் வீங்காமல் நரம்பைத் தாக்கும் நஞ்சுக்கு அது பொருந்தும், ஆஸ்திரேலியாவில் அதுவே பரிந்துரை. வீங்கி அழுகவைக்கும் விரியன் கடியில் அப்படி அழுத்தினால் நஞ்சு ஒரே இடத்தில் தங்கிச் சதையை இன்னும் கெடுக்கலாம். இந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு நிற வரைபடத்தை விட நல்ல இடம் கிடைக்குமா? கையில் இருந்த வாய்ப்பைத் தவறவிட்டுவிட்டார்கள்.

சின்னக் குறைகளும் இருக்கின்றன. ஐரோப்பாவில் பாம்பின் எல்லையை மலை, ஆறு பார்த்து நுணுக்கமாக வரைந்தவர்கள், ஆப்பிரிக்காவில் நாடு நாடாக நிறத்தை ஊற்றியிருக்கிறார்கள். கருமாம்பா புல்வெளியிலும் திறந்த காட்டிலும் வாழ்வது. ஐந்து சென்டிமீட்டர் வரை நச்சுப்பல் வளரும் காபூன் விரியன் அடர்ந்த மழைக்காட்டுப் பாம்பு. இரண்டும் ஒரே மரத்தடியில் இருப்பதுபோல் கொங்கோ முழுக்க ஒரே பூச்சு. ராஜநாகத்தை ஒரே இனமாகக் காட்டியிருக்கிறார்கள். 2024-இல் அதை நான்காகப் பிரித்துவிட்டார்கள், அதில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, இன்னொன்று பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு உரியது. அச்சிட்ட பிறகு வந்த செய்தி, அவர்களைக் குறை சொல்லவில்லை. மாணவிகளே நான்கு சிறு ஒட்டுகளை எழுதி ஒட்டிவிட்டார்கள்.

பிரேசில் கரைக்கு அப்பாலுள்ள கெய்மாடா கிராண்டே தீவின் பக்கத்தில் "சதுர மீட்டருக்கு ஒரு பாம்பு" என்று போட்டிருப்பதுதான் சரியில்லை. அந்தத் தீவு 43 ஹெக்டேர், அதாவது 4,30,000 சதுர மீட்டர். அங்கு மட்டுமே வாழும் பொன்னிற ஈட்டித்தலை விரியன்கள் 2,000 முதல் 4,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதிகபட்சமாக வைத்தாலும் நூறு சதுர மீட்டருக்கு ஒன்று. கடல் மட்டம் உயர்ந்து ஏறத்தாழ 11,000 வருடங்களுக்கு முன்பு கரையிலிருந்து பிரிந்துபோய், வலசை வரும் பறவைகளைத் தின்று பிழைத்துக்கொண்டிருக்கும், அழியும் நிலையில் உள்ள ஒரு பாம்பை இப்படிப் பயமுறுத்தும் பொருளாகக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. அதன் கரைவாழ் உறவான ஜராராகாவின் நஞ்சிலிருந்து கிடைத்த பொருளை ஆராய்ந்துதான் ரத்த அழுத்தத்துக்கான காப்டோபிரில் மாத்திரை உருவானது. என் மாணவிகள் வார்டில் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறவர்கள். அதை அந்த இடத்தில் எழுதியிருக்கலாம்.

ஓவியங்கள் மிக நன்றாக இருக்கின்றன. செதில் வரிசை, கண்மணியின் வடிவம், தலைக்கும் கழுத்துக்கும் உள்ள அகல வேறுபாடு எல்லாம் கவனமாக வரைந்தவை. சஹாராவின் கொம்பு விரியனையும் வட அமெரிக்கப் பாலைவனத்தின் பக்கவாட்டில் ஊரும் கிலுகிலுப்பைப் பாம்பையும் ஓவியர் ஒரே கோணத்தில் வரைந்திருக்கிறார். நடுவில் ஒரு பெருங்கடல். இரண்டுக்கும் கண்ணுக்கு மேலே கொம்பு, இரண்டும் சுடுமணலில் உடலின் பெரும்பகுதியைத் தூக்கித் தூக்கி வைத்துப் பக்கவாட்டில் நகர்பவை. ஒன்றுக்கு வாலில் கிலுகிலுப்பை உண்டு, மற்றதற்கு இல்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்கூட இந்த இரண்டு படத்தின் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

யார் வாங்கலாம்? உயிரியலோ புவியியலோ சொல்லிக் கொடுப்பவர்கள், செவிலியர் கல்லூரிகள், பாம்பு மீட்பில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மாட்டுவதானால் அந்த முதலுதவிப் படங்களை முதலில் மறைத்துவிடுங்கள், பிள்ளைகள் படத்தில் பார்த்ததை மறப்பதில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். முதலுதவிப் பெட்டி மட்டும் சரியாக இருந்திருந்தால் நான்கரை.

பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கடல், சிவப்புக் கட்டம், ஆப்பிரிக்காவின் எல்லைகள் எல்லாவற்றையும் குறிப்பிட்டேன், ஆனால் முதல் பத்தி முழுக்க அந்தக் கயிறும் கத்தியும்தான். மறுபதிப்பு வந்தால் இடது கீழ் மூலையைத்தான் முதலில் பார்ப்பேன். அது திருந்தியிருந்தால் இன்னொரு பிரதி வாங்கி, நான் முன்பு வேலை பார்த்த அவசர சிகிச்சைப் பிரிவில், கூட வந்தவர்கள் காத்திருக்கும் இடத்துச் சுவரில் மாட்டக் கொடுப்பேன்.